அக்காவின் பேட்டரி

மார்ச் 3, செவ்வாய்

மடிக்கணினிக்குள்ளிருந்து ஒரு சின்ன 'டிக்'. கொஞ்சம் இடைவெளி. மீண்டும் 'டிக்'. உள்ளே யாரோ உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவதுபோல.

நான் தட்டச்சு செய்யும்போது சத்தம் இல்லை. நிறுத்தி யோசிக்கும்போதுதான். நான் எழுதுவதைவிட யோசிப்பது அதிகம் என்பதால் மாலை முழுவதும் 'டிக்'.

இதை விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

மார்ச் 4, புதன்

பழகிவிட்டது. இப்போது அது வராத நேரத்தில்தான் பயமாக இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

காலையில் திறந்ததும் கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. 'ஹார்ட் டிஸ்கில் பிழை. கோப்புகளை உடனே நகலெடுக்கவும்.'

பதிப்பகத்தில் என் வேலையே பிழை திருத்துவது. எனக்கே ஒரு திரை 'பிழை' என்று சொல்வது இதுதான் முதல் முறை. வாக்கியம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் பதறினேன்.

அலுவலகத்துக்குத் தூக்கிப் போனேன். எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் நிபுணர். தொடாமலே சொன்னார்.

"எத்தனை வயசு?"

"எனக்கா?"

"இதுக்கு மேடம்."

"எட்டு."

"வாழ்ந்து முடிச்சிடுச்சு. புதுசு வாங்கிடுங்க."

போன மாதம் பிரிண்டர் காகிதத்தை மென்றபோதும் இதைத்தான் சொன்னார். இவர் வீட்டில் குழாய் ஒழுகினால் மனைவியிடம் என்ன சொல்வார்? வீட்டையே மாற்றிடலாம் என்பாரா?

நாவலை பென்டிரைவில் நகலெடுத்தேன். மூன்று வருட நாவல், நாற்பத்தொரு பக்கம். அது முடிகிற நேரத்துக்குள் டீ எடுத்துவரலாம் என்று எழுந்தேன். எழுவதற்குள் முடிந்துவிட்டது. பென்டிரைவுக்கு வாய் இருந்தால் 'இவ்வளவுதானா?' என்று கேட்டிருக்கும்.

ஆக, நாவல் பத்திரம். பிறகு எதற்கு இன்னும் இந்தப் பதற்றம்?

மார்ச் 8, ஞாயிறு

அத்தான் கூப்பிட்டார்.

"இருபத்தெட்டாம் தேதி கிளம்புறோம். மூணு வருஷம்னு சொல்றாங்க. அப்புறம் நீட்டிடுவாங்க. வேலை உங்க அக்காவுக்கு. நான் லக்கேஜ்."

வெளிநாடு. தெரியும்தான். ஆனால் தேதி என்று ஒன்று வந்தால் வேறு மாதிரி இருக்கிறது.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"பேக்கிங் எல்லாம்?"

"நடக்குது."

"எல்லாம் கொண்டு போறீங்களா?"

"முடிஞ்சதை."

அந்தப் பக்கம் மௌனம். இந்தப் பக்கமும்.

"சரி, வைக்கிறேன்."

"வை."

போன மழைக்காலத்திலிருந்தே இப்படித்தான். அதற்கு முன்னால் அவள் பேச ஆரம்பித்தால் என் காது சூடாகும். பிறகு ஒரு சிற்றிதழில் என் கதை வந்தது. அப்பாவும் அம்மாவும் பழைய வீட்டைக் காலி செய்த நாளைப் பற்றிய கதை. அதில் அத்தான் பீரோவை வெளியே தள்ளுகிறேன் என்று அதற்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அங்கிருந்தபடியே மதியச் சாப்பாடு சாப்பிடுவார். நடந்ததே அதுதான். புருஷனைக் கேலி செய்துவிட்டேன் என்று அக்காவுக்குக் கோபம். வேறென்ன இருக்க முடியும்?

இந்த மடிக்கணினி அவள் வாங்கித் தந்தது. முதல் போனஸில் ஒரே மாதிரி இரண்டு. ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. "எழுத்தாளர் ஆகணும்னா நாலு பேருக்குப் புரியற மாதிரி எழுதணும். உன் கையெழுத்துக்கு இதுதான் வழி."

கையெழுத்து இன்னும் திருந்தவில்லை. இந்த நோட்டே சாட்சி.

இருபத்தெட்டுக்குள் அவளோடு ஒரு முறை ஒழுங்காகப் பேசிவிட வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. டிஸ்கைச் சரிசெய்வது இதைவிட எளிது. அதைச் செய்வோம்.

மார்ச் 11, புதன்

தயாரித்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் என் 'டிக்'குக்கு விளக்கம் இருக்கிறது.

டிஸ்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது. அதைப் படிக்க ஒரு முள். எட்டு நொடி வேலை வராவிட்டால் முள் ஓரத்தில் இருக்கும் தன் ஓய்விடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சத்தம்தான் 'டிக்'. வேலை வந்ததும் மறுபடி எழுந்து வர வேண்டும். சில பழைய மாதிரிகளில் இந்தப் போக்குவரத்து அளவுக்கு மிஞ்சிவிட்டது. தேய்கிறது. தேய்ந்தால் பிழை.

அதாவது வேலை செய்து தேயவில்லை. ஓய்வெடுத்துத் தேய்கிறது.

தீர்வு: ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவும். டிஸ்க் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பிறக்கும்போதே அதற்குள் எழுதி வைத்திருப்பதுதான் ஃபர்ம்வேர். அதன் குணம் என்று சொல்லலாம். புதியதை ஏற்றினால், சும்மா இருக்கும் நேரத்திலும் முள் உடனே ஓடிவிடாது. இன்னும் நிறைய நேரம் தட்டின் மேலேயே காத்திருக்கும்.

எட்டு நொடி. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் எவ்வளவு நேரம் தாங்கினேன்?

வேண்டாம். எதைப் பார்த்தாலும் உவமை தேடுகிற புத்தி. இது ஒரு டிஸ்க். அவ்வளவுதான்.

மார்ச் 12, வியாழன்

ஃபர்ம்வேரை இறக்கினேன். ஓடவிட்டேன். மறுத்துவிட்டது.

'பேட்டரி இல்லை. மின் இணைப்பு, பேட்டரி இரண்டும் இருந்தால் மட்டுமே தொடர முடியும். நடுவில் மின்சாரம் நின்றால் டிஸ்க் நிரந்தரமாகப் பயனற்றுப் போகும்.'

என் பேட்டரி எப்போதோ அப்பளம்போல உப்பி, குப்பைக்குப் போயாயிற்று. அதன் பிறகு இது மடியில் வைக்க முடியாத மடிக்கணினி. சுவரோடு ஒயரால் கட்டிப்போட்டிருக்கிறேன். ஒயரில் கால் பட்டால் போச்சு.

சாக வேண்டாம் என்று மருந்து கொடுக்க வந்தால், முதலில் ஆரோக்கியமாக இருக்கிறாயா என்று கேட்கிறது.

மார்ச் 13, வெள்ளி

கடைக்காரர் என் மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த மாடல் வந்தப்போ நான் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன். பேட்டரி எல்லாம் நின்னு போச்சு மேடம். இதே மாதிரி வேற யாராவது வெச்சிருந்தா இரவல் கேளுங்க."

"இதை இன்னும் யார் வெச்சிருப்பாங்க?"

"அதானே," என்றார்.

பேருந்தில் ஏறி, இடம் பிடித்து, உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அக்கா.

டிவி ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறையோடு பயன்படுத்துகிறவள். சோபா வாங்கிய வருடம் முழுக்க அதன்மேல் விரித்த பாலித்தீனில்தான் உட்கார்ந்தோம். எழுந்தால் சத்தம் வரும், விருந்தாளிகள் வெட்கப்படுவார்கள். மடிக்கணினியை மூடிய ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைப்பாள். "தூங்க வைக்கிறியா? தாலாட்டு பாடலையா?" என்று நான் கேட்பேன். "சிரிடீ, சிரி" என்பாள்.

உலகத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே பேட்டரி அவள் அலமாரியில்.

மார்ச் 15, ஞாயிறு

அக்காவுக்குச் செய்தி எழுத உட்கார்ந்தேன். முதலில் பெரிய பத்தி. டிஸ்க், முள், எட்டு நொடி, கதையைப் பற்றிக் கொஞ்சம், அத்தானிடம் மன்னிப்பு, 'நீ போகப்போறேன்னு நினைச்சா.'

படித்துப் பார்த்தேன். உணர்ச்சி வழிந்தது. வெட்டினேன். 'நீ போகப்போறேன்னு நினைச்சா' போனது. மன்னிப்பு, கதை இரண்டும் போயின. முள் தேவையில்லை. டிஸ்கும் தேவையில்லை.

கடைசியில் அனுப்பியது: 'உன் பேட்டரி இருக்கா?'

பதில்: 'இருக்கு.'

நான்: 'சரி.'

அவ்வளவுதான். சிக்கனத்தில் நான் எங்கேயோ போய்விட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

மதிய இடைவேளையில் அத்தான்.

"என்னம்மா எழுத்தாளரே, அக்காவும் தங்கச்சியும் தந்தி அடிச்சு விளையாடறீங்களா? 'இருக்கா', 'இருக்கு', 'சரி'. இதை என்கிட்ட காட்டி என்ன அர்த்தம்னு கேக்கறா. நான் என்ன உரை எழுதறவனா?"

சிரித்தேன். பிறகு, சொல்லிவிடலாம் என்று, "அத்தான், அந்த பீரோ விஷயம். உங்களை அப்படி எழுதினது தப்புதான்."

"எது தப்பு? ஆபீஸ்ல எல்லாருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டியாச்சு. ஒரே ஒரு திருத்தம். நான் அங்க மாட்டிக்கிட்டுச் சாப்பாடு மட்டும் சாப்பிடல. காபியும் குடிச்சேன்."

"அப்ப அக்காவுக்கு என்ன கோபம்?"

"அதை நான் சொன்னா எனக்கு இந்த வீட்ல சோறு கிடையாது. சனிக்கிழமை அந்தப் பொட்டியைத் தூக்கிட்டு வா."

பீரோ இல்லையா? அப்படியென்றால் வேறென்ன?

கதையை மறுபடி படித்தேன். ஒன்றும் தெரியவில்லை. அம்மா இருக்கிறாள், அப்பா, அத்தான், லாரிக்காரர், பூனை. எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டு இடத்தில் காற்புள்ளி அதிகம்.

மார்ச் 21, சனி

இன்று நடந்ததை மறப்பதற்குள் முழுவதும் எழுதிவிட வேண்டும்.

அக்காவின் வீடு பெட்டிகளாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் அவளுடைய குண்டு எழுத்து. 'சமையலறை – உடையும்.' 'சமையலறை – உடையாது.' 'அவருடையது – வேண்டாததும் சேர்த்து.' மேசையை விற்றுவிட்டார்கள். ஒரு பெட்டியின் மேல் என் மடிக்கணினியை வைத்தேன். இருவரும் தரையில் உட்கார்ந்தோம்.

பேட்டரி வந்தது. பிளாஸ்டிக் பைக்குள் துணி, துணிக்குள் பேட்டரி. அதன்மேல் கடைசியாக சார்ஜ் செய்த தேதி ஒட்டியிருந்தது. பார்த்தால் நேற்றுப் பிறந்ததுபோல் இருக்கிறது.

பொருத்தினேன். அறுபது சதவீதம்.

"ஏன் முழுசா ஏத்தலை?"

"பாதிக்குக் கொஞ்சம் மேல வெச்சாதான் ரொம்ப நாள் இருக்கும். கூட வந்த புத்தகத்துல போட்டிருக்கு. உனக்குத்தான் நீளமா இருந்தா ஆகாதே."

ஓடவிட்டேன். இந்த முறை மறுக்கவில்லை. ஒரு நீலப் பட்டை. கீழே: 'எந்த விசையையும் தொடாதீர்கள். அணைக்காதீர்கள். பதினைந்து நிமிடம் வரை ஆகலாம்.'

அவ்வளவு நேரம். எழுந்து போக முடியாது. தொட்டு எதையாவது செய்துகொண்டிருக்கவும் முடியாது. உள் அறையில் அத்தான் டேப்பைக் கிழிக்கும் சத்தம் மட்டும். நான் பட்டையைப் பார்த்தேன். அக்கா பட்டையைப் பார்த்தாள். பட்டை அசையவில்லை.

"சரி..." என்றேன், பழக்கதோஷத்தில்.

"என்ன, வைக்கிறேன்னு சொல்லணுமா?" என்றாள் அக்கா. "வைக்கிறதுக்கு இங்க போன் இல்லையே. என்ன பண்ணப் போறே?"

சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"அத்தானைப் பத்தி எழுதினதாலதான் உனக்குக் கோபம்னு இத்தனை நாள் நினைச்சேன்."

"அவரைப் பத்தி எழுதினா எனக்கென்ன? நல்லாத்தானே இருந்தது." பட்டையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினாள். "அம்மா இருக்காங்க. அப்பா இருக்கார். லாரிக்காரர் இருக்கார், அவருக்கு மீசை வேற. எதிர்வீட்டுப் பூனைக்கு ரெண்டு பத்தி. நான் எங்கடீ?"

நான் எங்கே.

அந்த நாளில் விடிவதற்கு முன்பே வந்து பெட்டிகளுக்கெல்லாம் பெயர் ஒட்டியவள். லாரியில் எது முதலில் ஏற வேண்டும் என்று நின்று சொன்னவள். பீரோவின் கீழே கோணிப்பையைச் செருகி இழுத்து அத்தானை வெளியே எடுத்தவள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கதையில் மட்டும் இல்லை.

"முதல்ல எழுதினதுல நீ இருந்தே."

"அப்புறம்?"

"வெட்டிட்டேன்."

"ஏன்?"

என்ன சொல்வது? கதை எழுதும் பாடத்தில் படித்ததையா? தேவையற்றதை நீக்கு, வெற்றிடம் பேசட்டும் என்றா? அக்காவிடம் போய்—அவளையே தேவையற்றது என்று—எப்படிச் சொல்வது?

உண்மையைச் சொன்னேன்.

"நீ வந்தா எல்லாம் சரியாப் போயிடுது. கதை நகர மாட்டேங்குது. பெட்டி உடையறதுக்கு முன்னாடியே நீ டேப் ஒட்டிடறே. கதைன்னா ஒரு பெட்டியாவது உடையணும்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அதனால என்னை எடுத்துட்டுப் பூனையைப் போட்டுட்டே."

"பூனை முன்னாடியே இருந்தது."

"பத்து பிரதி வாங்கினேன்டீ. ஆபீஸ்ல கொடுக்கலாம்னு. முதல் பக்கத்துல இல்லை. சரி, அடுத்ததுல வருவேன்னு நினைச்சேன். அதுலயும் இல்லை. கடைசிப் பக்கம், கடைசி வரி வரைக்கும்..." அதற்கு மேல் சொல்லவில்லை. முந்தானையால் பேட்டரியின் பிளாஸ்டிக் பையைத் துடைக்க ஆரம்பித்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

பேச வாயைத் திறந்தேன். அப்போதுதான் சார்ஜரின் விளக்கு அணைந்தது. திரை மங்கியது.

திரும்பிப் பார்த்தால் அத்தான். கையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க பண்றீங்க!"

"பேக் பண்றேன். இதுவும் வரணும்னு நீதானே சொன்னே?"

"அசையாதீங்க!"

அசையவில்லை. ஒரு கையில் பாக்ஸ், மறு கையில் பாதி சுருட்டிய ஒயர், ஒரு கால் லேசாகத் தூக்கியபடி. யாரும் மூச்சு விடவில்லை. தொடாதீர்கள் என்று திரை சொன்னது எங்களுக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது. நீலப் பட்டை நின்ற இடத்திலேயே நின்றது. போச்சு. எல்லாம் போச்சு. நாற்பத்தொரு பக்கம் பென்டிரைவில் இருக்கு, அது பரவாயில்லை, ஆனா இது அவ வாங்கிக் கொடுத்ததாச்சே, அவ கண்ணு முன்னாடியே போகணுமா...

பட்டை நகர்ந்தது.

கொஞ்சம். இன்னும் கொஞ்சம். மூலையில் பேட்டரியின் படம் ஐம்பத்தெட்டு என்றது. ஐம்பத்தேழு என்றது. துணியில் சுற்றி, தாலாட்டாத குறையாக வளர்த்த பேட்டரி. தனியாக இழுத்துக்கொண்டு போனது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

'முடிந்தது. கணினியை மீண்டும் தொடங்கலாம்.'

"நான் இப்ப காலைக் கீழே வைக்கலாமா?" என்றார் அத்தான்.

அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு என்னாலும் நிறுத்த முடியவில்லை. அத்தானுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. எங்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார்.

கிளம்பும்போது அக்கா பேட்டரியைக் கழற்றிக்கொண்டாள். துணி. பை. புதுத் தேதி.

"எனக்குக் கொடுத்துட்டுப் போகலாமே?"

"ஏன், உப்ப வைக்கவா?"

வாசலில் நின்றாள். "இதையும் எழுதிடாதே."

"இல்லை."

"எழுதினா, பேட்டரி யாருதுன்னு போடு."

மார்ச் 22, ஞாயிறு

'டிக்' இல்லை. ஒரு பத்தி எழுதிவிட்டு நிறுத்தினேன். காத்திருந்தேன். ஜன்னலைப் பார்த்தேன். நகம் வெட்டினேன். இல்லை. முள் போகவில்லை. நான் மறுபடி ஏதாவது எழுதுவேன் என்று நம்பி அங்கேயே இருக்கிறது.

இவ்வளவு நம்பிக்கை எனக்கே இல்லை.

மார்ச் 23, திங்கள்

நிபுணரிடம் நடந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"நல்லதுதான் மேடம். எதுக்கும் புதுசு ஒண்ணு வாங்கி வெச்சிடுங்க."

மார்ச் 28, சனி

விமான நிலையம். அம்மா அழுதாள். அப்பா பெட்டிகளை எண்ணினார். எண்ணி முடித்து மறுபடி எண்ணினார். அத்தான் தன்னையும் சேர்த்து எண்ணச் சொன்னார்.

கட்டிப்பிடிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அக்கா என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"சார்ஜர் ஒயரை இறுக்கிச் சுருட்டாதே. உள்ளே அறுந்துடும்."

"சரி."

"சரி சரின்னு சொல்லு."

ஏப்ரல் 2, வியாழன்

நாவலுக்குள் அக்காவைக் கொண்டுவந்தேன். வந்த முதல் பத்தியிலேயே எல்லாருடைய பிரச்சினையையும் தீர்த்துவிட்டாள். நாவல் முடிந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பினேன்.

நாற்பத்தொரு பக்கம்தான் இன்னும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

செய்தி: 'சேர்ந்துட்டோம். செட்டில் ஆயிட்டோம். எல்லாம் சரியா இருக்கு.'

அதானே. அங்கேயும் சரியாக்கிவிட்டாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அக்கா கூப்பிட்டாள்.

"வீடு எப்படி?" என்றேன்.

"இருக்கு."

"ஆபீஸ்?"

"போகுது."

மௌனம்.

'சரி' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். போனைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடி நின்றது. அத்தான் தும்மினார். ஒரு கதவு சாத்தப்பட்டது. தும்மல் சத்தம் தூரப் போனது. நாற்காலி இழுபட்டது.

"இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்."

"இல்ல, இந்நேரத்துக்கு வெச்சிருப்பியே."

"இருக்கேன்."

மறுபடி மௌனம். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

"இன்னிக்குத்தான் அந்தக் கடைசிப் பெட்டியைப் பிரிச்சேன்," என்றாள். "உடையாதுன்னு எழுதியிருந்தேனே. கெட்டிக் கண்ணாடி ஜாடி எல்லாம் அதுலதான் வெச்சேன். கீழே போட்டாக்கூட உடையாத ஜாடிடீ. திறந்து பார்த்தா எல்லாமே தூள். ஒண்ணு மிச்சமில்லை. நான்தான் கட்டினேன். என் கையாலதான் டேப் ஒட்டினேன்." நிறுத்தினாள். "அந்தப் பெட்டி பக்கத்துலயே உட்கார்ந்து அழுதேன். அவர் கடைக்குப் போயிருந்தார். அவருக்குத் தெரியாது. ஜாடிக்காக அழல."

"தெரியும்."

"இங்க எனக்கு ஒண்ணுமே பிடிபடலைடீ."

"சொல்லு," என்றேன்.

சொன்னாள். பேருந்தில் தப்பான பக்கம் போய் இறங்கியது, அலுவலகத்தில் யாரும் அவளோடு சாப்பிட உட்காராதது, மூன்று முறை சொல்லியும் அவள் பெயர் யார் வாயிலும் நுழையாதது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தினமும் ஒவ்வொருவருக்காகச் செய்தி அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தினாள். ஒவ்வொரு முறையும் இருந்தேன்.

என் காது சூடாகிவிட்டது.

வைக்கும் முன்பு 'இதை எழுதிடாதே' என்பாள் என்று காத்திருந்தேன்.

சொல்லவில்லை.